சாய விடாதவர்

என் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரு மாங்கிளை இருக்கிறது. உவமை, உருவகம் எதுவும் இல்லை. நிஜமான மாங்கிளை. பட்டை உரிக்காமல், ஒரு சாண் உயரத்தில், நுனியில் இரண்டாகப் பிரிந்த கவைக்கம்பு. அடியில் மடித்துச் செருகிய பஸ் டிக்கெட்டுகள். கவையின் மேல், திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு வால் பக்கத்தைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறது.

போன மாதம் தூசு தட்டிக் கொடுக்க வந்த மெக்கானிக் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றியதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சார், உங்களுக்கு யாராவது செய்வினை வெச்சிருக்காங்களா?"

"இல்லைங்க. அது முட்டு."

"எதுக்கும் நான் அதைத் தொடலை சார். சுத்தி மட்டும் தொடைச்சிடறேன்."

அப்படியே சுற்றித் துடைத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்கு வருகிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதில் எனக்கு எப்போதுமே பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. அதனால் விளக்கம் சொல்லவில்லை.

அந்தக் கம்பை வைத்தவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது. பழைய எண்ணை அழைத்தால் யாரோ ஒரு அம்மா இந்தியில் திட்டுகிறார். பெயரைப் போட்டு, தற்செயலாக இது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால், "தம்பி, எழுத்தெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சிக்கினு இருக்குது" என்று அடியில் ஏதாவது வைக்கப் பார்ப்பார்.

ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரே காம்பவுண்டுக்குள் எதிரும் புதிருமாகச் சில வீடுகள். மாடியில் ஓனரம்மா. கீழே ஒரு பக்கம் நான், எதிரே அவர். நான் இயந்திர அச்சுகள் செய்கிற ஒரு டூல் ரூமுக்கு வரைபடம் வரைகிறவன். வீட்டிலிருந்தே வேலை. அதற்கு வலுவான கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஆபீஸ், அப்பா, வங்கி எல்லாரிடமும் சொல்லித்தான் வாங்கினேன். உண்மையில் அது துப்பாக்கிச் சண்டை விளையாட. அதில் என் திறமையை இப்படிச் சொல்லலாம்: நான் ஒருநாள் வராவிட்டால் எதிரணிக்காரர்கள் வருத்தப்படுவார்கள்.

குடிவந்த அன்று சாமான்களை உள்ளே போட்டுவிட்டு வெளியே வந்தால், என் ஸ்கூட்டரின் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு தட்டைக் கல். எதிர்வீட்டு வாசலில் ஒரு மனிதர், கம்பெனிச் சட்டையோடு, தலையை லேசாகச் சரித்து வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப சாஞ்சிக்கினு இருந்துது தம்பி. மனசு கேக்கல."

அதுதான் அவர். அண்ணன் என்றுதான் நான் கூப்பிடுவது. எதுவும் சாய்ந்திருப்பதை அவரால் பார்க்க முடியாது. ஒரே வாரத்தில் என் மேஜையின் ஒரு காலுக்கு ரப்பர் துண்டு வந்தது. கேஸ் அடுப்பின் கீழே ஒரு ஓட்டாஞ்சில்லு வந்தது. டீக்கடையில் உட்காருமுன் பெஞ்சை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, பேப்பரை மடித்துக் காலுக்குக் கொடுத்துவிட்டுத்தான் டீ சொல்வார். ஓனரம்மா வீட்டுச் சுவரில் பல வருஷமாகச் சாய்ந்தே அருள்பாலித்த வெங்கடாசலபதி, வாடகை கொடுக்க இவர் போன ஐந்து நிமிஷத்தில் நிமிர்ந்துவிட்டார். "அவுரு வந்தா நானே நெட்டுக்கு நிக்கறனப்பா, பயத்துல" என்று ஓனரம்மா என்னிடம் சொன்னார்.

இந்தப் பழக்கம் மாந்தோப்பில் வந்தது. நாகரசம்பட்டிப் பக்கம் தோப்புகளில் கூலிக்குப் போன குடும்பம். காய் பிடித்த கிளைகள் பாரத்தில் தரையைத் தொடும். முறியாமலிருக்க அடியில் கவைக்கம்பு நிறுத்துவார்கள். சின்ன வயசிலிருந்தே அது அவர் வேலை.

"தோப்பு தோப்புக்காரரோடது. காயி குத்தகைக்காரரோடது. கம்பு மட்டும் எங்களுது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நான்தான் சிரிப்பதா வேண்டாமா என்று முழிப்பேன்.

அந்த வேலைக்கு இரண்டு சட்டம் வைத்திருந்தார். "கம்பு கிளையத் தூக்கக் கூடாது தம்பி. தூக்குனா முறிஞ்சிரும். கிளை எங்க இருக்குதோ, அந்த எடத்துக்குக் கம்பு போவணும்." இது முதலாவது. "காயி எறங்கினதும் கம்ப எடுத்துடணும். விட்டு வெச்சா கிளை அதையே நம்பிக்கும்." இது இரண்டாவது.

வேலை பார்த்த இடம் ஒரு வார்ப்படக் கம்பெனி. காண்டிராக்ட். ஒருநாள் ஷெட்டின் கடைசியில் அடுக்கியிருந்த மரப் பலகைகள் சாய்ந்திருக்கின்றன என்று, தன் மெஷினை விட்டு நகர்ந்து கட்டை வைக்கப் போய், சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

"கம்பெனியே சாஞ்சாலும் நீ உன் மெஷின பாருன்னாரு."

"அதுக்கு என்னண்ணா சொன்னீங்க?"

"அவுரு சொல்றதும் நாயந்தான?" உள்ளங்கையைச் சரித்துக் காட்டினார். "ஆனா சாஞ்சிது தம்பி."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் எதிலும் சாய்ந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியில் முதுகு படாமல் உட்காருவார். கம்பெனி பஸ்ஸில் மொத்த ஷிப்டும் தூங்கி வழிய, அவர் மட்டும் நெட்டுக்குத்தலாக உட்கார்ந்திருப்பார், பக்கத்து ஆள் தலைக்குத் தோளைக் கொடுத்துக்கொண்டு. அந்த ஆள் குட்டையாக இருந்தால் தோளைத் தாழ்த்துவார், நெட்டையாக இருந்தால் ஏற்றுவார். அந்த பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டுக்குப் போட்டியே இருந்ததாகக் கேள்வி.

அவருடைய அப்பா லாரி டிரைவர். நைனா என்றுதான் சொல்வார். நானும் அப்படியே சொல்கிறேன். சீசனில் மாம்பழக்கூழ் கம்பெனிகளுக்கு மாங்காய் லோடு, மற்ற நாளில் ராயக்கோட்டைத் தக்காளி. ஒருநாள் காலை, ராயக்கோட்டை மண்டியில் லோடு இறக்கிவிட்டு இறங்கியவருக்கு வலது கால் தரையில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஓசூர் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வலது கையும் வலது காலும் பேச்சும் போயிருந்தன. இடது பக்கம் மட்டும் மிச்சம்.

முடிந்தவரை உட்கார வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் பத்து விஷயம் சொல்லியிருப்பார். இவர் காதில் விழுந்தது அந்த ஒன்றுதான்.

"எங்கம்மா நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. முடியலன்னு படுத்துச்சு. அப்புறம் எழுந்திருக்கவே இல்ல. நைனாவப் படுக்க விடக் கூடாது. உக்காந்துக்கினு இருக்கற வரைக்கும் ஆளு நம்மளுது."

கை வைத்த பிளாஸ்டிக் சேர். வலது விலாவுக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒன்று, செத்த கைக்கு அடியில் மடித்த போர்வை, முழங்காலுக்கு நடுவில் துண்டுச் சுருள். அப்படி ஒரு கட்டுமானம். அண்ணனுக்குக் காலை ஷிப்டு. நான் எந்நேரமும் வீட்டில் கிடப்பவன். அதனால் காலையில் நைனா என் அறைக்கு வந்துவிடுவார்.

"சும்மா பாத்துக்கினா போதும் தம்பி. சாஞ்சா மட்டும் கொஞ்சம்…"

"சாஞ்சா என்னண்ணா பண்ணணும்?"

"சாய மாட்டாரு" என்றார், சுவரைப் பற்றிச் சொல்வதுபோல.

நைனா என் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார். பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் துப்பாக்கிச் சண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். என் ஆட்டத்தைப் பார்த்துக் கண்ணை மூடியவர்கள் பட்டியலில் அவர் முதல் ஆள் இல்லை. மனிதர் டிரைவர்தானே என்று ஒரு லாரி ஓட்டும் விளையாட்டைப் போட்டேன். வெளிநாட்டு லாரி, இடது பக்கம் ஸ்டியரிங், வழவழவென்று ரோடு. அதையும் சட்டை செய்யவில்லை. பிறகுதான், நம் ஊர்க்காரர் யாரோ செய்து இணையத்தில் போட்டிருந்த ஒரு லாரி கிடைத்தது. வலது பக்கம் ஸ்டியரிங், முகப்பில் எலுமிச்சம்பழம் மிளகாய், உள்ளே சாமி படம், பின்னால் பூப்போட்ட பெயின்ட், இரண்டு குரலில் கத்தும் ஹாரன். அதை இறக்கி விளையாட்டில் சேர்த்து, எஞ்சினைக் கிளப்பினேன்.

நைனாவின் இடது கை தொடையிலிருந்து எழுந்தது. காற்றில் ஒரு உருண்டையைப் பிடிப்பதுபோல விரல்கள் மடங்கின. முன்னால் ஒரு தள்ளு.

நம் ஊர் லாரியில் கியர் இடது கைக்குத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டுகிறவனுக்கு எல்லாமே தாமதமாகத்தான் உறைக்கும்.

ஷிப்டு முடிந்து வந்தவரிடம் சொன்னேன். நம்பவில்லை. மறுபடி எஞ்சினைக் கிளப்பிக் காட்டினேன். கை எழுந்தது. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. அந்தக் கையையே பார்த்தார். அப்படியே வெளியே போய், பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு லாரியின் கியர் ராடும் குமிழுமாகத் திரும்பி வந்தார். பெயின்ட் வாளியில் மணலை நிரப்பி, அதில் அந்த ராடை நட்டு, சேருக்கு இடது பக்கத்தில் வைத்தார்.

"காத்துல போட்டா கை வலிக்கும் தம்பி."

தொல்லை என்னவென்றால், அந்த அலங்கார லாரியை என் பழைய கிராபிக்ஸ் கார்டால் இழுக்க முடியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் படம் அரை மூச்சு நின்று, பிறகு குதிக்கும். எனக்கு அது வெறும் எரிச்சல். நைனாவுக்கு அது வண்டி அணைந்துபோவது. குமிழின் மேல் கை அப்படியே நிற்கும். என்னைத் திரும்பிப் பார்ப்பார், வண்டியைக் கெடுத்துவைத்த கிளீனரைப் பார்க்கிற மாதிரி. இரண்டு மூன்று வளைவுக்குப் பிறகு கை தொடைக்கு இறங்கிவிடும். அன்றைக்கு அப்புறம் எழாது.

தினமும் ஷிப்டு முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணன் கேட்பார்: "இன்னிக்கும் கைய எடுத்துட்டாரா?"

"ஆமாண்ணா."

"எதுனால தம்பி நிக்குது?"

"கிராபிக்ஸ் கார்டு. பழசு. இந்த வண்டிய தாங்காது."

தாங்காது என்ற சொல்லை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. முகமே மாறிவிட்டது. "அப்ப தாங்கற மாதிரி ஒண்ணு மாத்தணும்" என்றார். எனக்கும் வெகுநாளாக அந்த ஆசைதான். நான் எல்லாச் சண்டையிலும் தோற்பதற்குக் கார்டுதான் காரணம் என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன்.

பெங்களூரில் ஒருவர் பயன்படுத்திய பெரிய கார்டு ஒன்று கிடைத்தது. அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஓசூருக்கு முந்தின ஊரான அத்திப்பள்ளி வரை பக்கத்து சீட்டு அம்மா அதைக் குழந்தை என்றே நினைத்துக் கால் இடிக்காமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்ததும் காலை நீட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாற்றினோம். நைனா சேரில், வாளி பக்கத்தில், மேற்பார்வை. அண்ணன் கையில் டார்ச். பழைய கார்டு சமர்த்தாக வந்துவிட்டது. புதியது உள்ளே போகவில்லை, முழங்கை நீளம். ஹார்டு டிஸ்க் வைக்கிற கூண்டைக் கழற்றி இடம் செய்தோம். ஒரு ஸ்க்ரூ மதர்போர்டில் விழுந்து ஒளிந்துகொண்டது. நான் கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் படித்தவன் என்பதால், பெட்டியைத் தூக்கித் தலைகீழாகக் குலுக்கினேன். விழுந்தது. கூடவே நான் எப்போதோ தொலைத்த ஒரு சிம் கார்டும் விழுந்தது.

வயர்களைச் செருகி சுவிட்சைப் போட்டதும் மூன்று ஃபேனும் சுழன்றன. படம் வந்தது.

"ஓட்டலாமா தம்பி?"

"இருங்கண்ணா. இன்னும் டிரைவர் போடல."

அவர் நைனாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "டிரைவர் உக்காந்துக்கினுதான இருக்காரு?"

அது கம்ப்யூட்டருக்குள் ஏற்றுகிற வேறு டிரைவர் என்று விளக்கி முடிப்பதற்குள் அதுவே ஏறிவிட்டது. லாரியைக் கிளப்பினேன். ஒரு வளைவு, நிற்கவில்லை. இரண்டாவது வளைவு, வெண்ணெய். நைனா செகண்ட் போட்டார், தேர்டு போட்டார். அண்ணன் கதவருகே நின்று துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல எதையோ துடைத்தார். அப்போது திரை இருண்டது.

பெட்டிக்குள் பார்த்தால் கார்டின் வால்பக்கம் தொங்கியிருந்தது. அத்தனை பாரத்துக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம். சொருகிய இடத்தில் தொடர்பு விட்டுப் போயிருக்கிறது.

"காயி புடிச்ச கிளை மாதிரி இருக்குது" என்றார்.

"இதுக்குன்னே இரும்புல ஒரு தாங்கி விக்குதுண்ணா. இப்பவே ஆர்டர் போட்டுடறேன். நாலஞ்சு நாள்ல வந்துரும்."

"நாலஞ்சு நாளு இது சாஞ்சிக்கினே இருக்குமா?"

கேட்டுவிட்டுக் கத்தியோடு வெளியே போனார். காம்பவுண்டு மூலையில் ஓனரம்மாவின் மாமரம். மாடியிலிருந்து குரல் கேட்டது.

"ஏய், யாரப்பா மரத்து மேல?"

"நான்தாங்கம்மா. ஒரு சாண் குச்சிங்க!"

"எதுக்கு?"

"கம்ப்யூட்டருக்குங்கம்மா!"

மாடியில் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

கவையைக் கார்டுக்கு அடியில் கொண்டுபோய், கண்ணை ஒட்டவைத்துப் பார்த்து, நுனியை இழைத்து, மறுபடி வைத்து, தொட்டும் தொடாமலும் நிறுத்தினார். திரை வந்தது. அன்று மாலை வரை லாரி ஓடியது.

இங்கே ஒரு அறிவாளியின் கதையைச் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தக் குச்சியோடு செவ்வெறும்புகளும் குடிவந்தன. வாரக்கணக்கில் என் கீபோர்டில் நடமாட்டம். வீடியோ மீட்டிங்கில் நான் முகத்தைத் தட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்து என் மேனேஜர், வீட்டில் ஏதாவது பிரச்சனையா என்று தனியாக விசாரித்தார். அடுத்த கட்டமாக, குச்சி காய்ந்து சுருங்கியது. இடைவெளி விழுந்து திரை மறுபடி இருண்டது. அவர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பச்சக் கம்ப வெச்சிட்டேன் பாரு தம்பி. தோப்புல ஒரு சீசன்தான, சுருங்கறதுக்குள்ள எடுத்துருவோம். இவ்ளோ நாளு நிக்கணும்னு நெனைக்கவே இல்ல."

சட்டைப் பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து மடித்து அடியில் செருகினார். அதற்குப் பிறகு சுருங்கச் சுருங்க டிக்கெட். இரும்புத் தாங்கியும் வந்து சேர்ந்தது. அதைப் பிரிக்கக்கூட இல்லை. பிரித்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அந்தக் கொஞ்ச காலம் நன்றாக இருந்தது. நான் சாவியை அழுத்தி வண்டியை ஓட்டுவேன், நைனா கியர் போடுவார். உண்மையில் அந்தக் குமிழுக்கும் கம்ப்யூட்டருக்கும் எந்த இணைப்பும் இல்லை. ஆனால் மேடு வருமுன்னே அவர் கை கியரை இறக்கும். பிறகுதான் எஞ்சின் திணறுவது எனக்குக் கேட்கும். நான் வளைவில் வேகமாகப் போனால் இடது கண்ணோரம் சுருங்கும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விளையாட்டில் எனக்கு மரியாதையான தோல்விகள் கிடைத்தன.

பிறகு நைனா சரிய ஆரம்பித்தார்.

முதலில் கழுத்து. மோவாய்க்கு ஒரு துண்டுச் சுருள் வந்தது. பிறகு இடுப்பு வழுக்கியது. தொடைக்கு முன்னால் ஒரு பலகை. தோள் முன்னால் விழுந்தது. மார்பைச் சுற்றி ஒரு வேட்டியைச் சேரோடு அண்ணன் கட்டினார். ஒவ்வொரு நாளும் ஒரு தலையணை கூடியது. தலையணைகளுக்கு நடுவே நைனாவின் முகம் மட்டும் தெரியும். கை மட்டும் குமிழில் இருக்கும். சில நாள் அதுவும் கியர் போடாமல் சும்மா கிடக்கும்.

ஓனரம்மா ஒருநாள் கீழே இறங்கி வந்து பார்த்துவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "பாவம்ப்பா. படுக்க விடு அவுர."

"படுத்தா எழுந்திரிக்க மாட்டாருங்கம்மா."

எனக்கும் பொறுக்கவில்லை. விளையாட்டுப்போலச் சொல்லிப் பார்த்தேன். "அண்ணா, கம்பு கிளையத் தூக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"மரம் வேற, நைனா வேற தம்பி. நீங்க உங்க வண்டிய ஓட்டுங்க."

வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

அவருக்கு வார லீவு வந்த ஒரு மத்தியானம். நைனாவைக் கட்டி உட்கார வைத்துவிட்டு, பின்னால் நின்றுகொண்டிருந்தார். திரையில் லாரி மலையிறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. நைனாவின் கை அன்று காலையிலிருந்து அசையவில்லை. திடீரென்று குமிழைப் பிடித்தது. தேர்டிலிருந்து செகண்ட். செகண்டிலிருந்து ஃபர்ஸ்ட். பிறகு நடுவில் கொண்டுவந்து, இடமும் வலமுமாக ஒரு ஆட்டு. இன்னொரு ஆட்டு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன கியருண்ணா இது? நான் என்ன பண்ணட்டும்?"

லாரி தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நைனா மறுபடி ஆட்டினார், இடமும் வலமும். பிறகு கை குமிழை விட்டது. மெதுவாக மேலே வந்து, மார்பில் கட்டியிருந்த வேட்டியின் முடிச்சைத் தடவியது. ஒற்றைக் கையால் அவிழ்க்க முடியவில்லை. இழுத்தது. பக்கத்தில் இருந்த தலையணையை இழுத்தது. அது வந்து தரையில் விழுந்தது.

"நியூட்ரல்" என்றார் பின்னாலிருந்து அண்ணன்.

திரும்பிப் பார்த்தேன்.

"லோடு எறக்கி முடிச்சி, எறங்கறதுக்கு முன்னாடி இப்பிடித்தான் ஆட்டிப் பாப்பாரு. நியூட்ரல்ல இருக்குதான்னு. சின்ன வயசுல பக்கத்துல உக்காந்துக்கினு பாத்துருக்கேன்." குனிந்து, விழுந்த தலையணையை எடுத்தார். "வண்டிய ஓரங்கட்டுங்க தம்பி."

ஓரம்கட்டினேன். ஒரு மைல்கல்லில் இடித்துத்தான் நின்றது; எனக்கு வந்தது அவ்வளவுதான்.

"ஆஃப் பண்ணிருங்க."

எஞ்சின் சத்தம் நின்றது. பெட்டிக்குள் ஃபேன்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் முன்னால் வந்து மண்டியிட்டு, முதலில் வேட்டி முடிச்சை அவிழ்த்தார். பிறகு மோவாய்த் துண்டு. பிறகு பலகை. பிறகு தலையணைகள், வைத்த வரிசைக்குத் தலைகீழாக, ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றை எடுக்கும்போதும் நைனா கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கம் சரிந்தார். கடைசித் தலையணையை எடுத்தபோது மொத்தமும் அவர் கைக்குள் வந்துவிட்டது. என் பாயில் கிடத்தினார். நைனா இடது பக்கமாகத் திரும்பி, கன்னத்துக்கு அடியில் கையை வைத்து, லாரி நிழலில் துண்டை விரித்துப் படுக்கிற டிரைவர்களைப்போல முழங்காலை மடக்கிக்கொண்டார். உடனே தூங்கிப்போனார்.

அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக.

அதற்குப் பிறகு நைனாவை யாரும் உட்கார வைக்கவில்லை. சில நாள் படுத்திருந்தார். ஒரு விடிகாலை போய்விட்டார். அண்ணன் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னதுபோலத்தான், எழுந்திருக்கவே இல்லை.

காண்டிராக்ட் முடிந்து வீட்டைக் காலி செய்த அன்று, காம்பவுண்டைச் சுற்றி வந்து தான் வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தார். சீசன் முடிந்த தோப்பைச் சுத்தம் செய்வதுபோல. என் ஸ்கூட்டர் மறுபடி சாய்ந்தது. ஓனரம்மாவின் தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம் இறங்கியது. கடைசியில் என் அறைக்கு வந்து, கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, குச்சியைத் தொட்டார்.

"இன்னும் வெளையாடறீங்களா தம்பி?"

"தோத்துக்கினுதான் இருக்கேண்ணா."

"அப்ப இருக்கட்டும்" என்று மூடிவிட்டார்.

துப்பாக்கிச் சண்டையில் இன்றும் தோற்கிறேன். கார்டு காரணமில்லை என்று நிரூபணமாகிவிட்டது. லாரி விளையாட்டைத் திறப்பதில்லை. அந்த வண்டி மைல்கல்லில் முகத்தை வைத்து நின்ற இடத்திலேயே நிற்கும்.

அவர் போவதற்குக் கொஞ்சம் முன்பு நடந்த ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நைனாவின் கருமாதிக்கு நாகரசம்பட்டி போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு இருவரும் சேர்ந்தே திரும்பினோம். கிருஷ்ணகிரியில் பெங்களூர் பஸ் கிடைத்தது. கூட்டம் இல்லை. மொட்டையடித்த தலையோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வழக்கம்போல முதுகு படாமல், முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஏதேதோ ஜோக்கடித்தேன். ஒன்றுக்குக்கூட அவர் சிரிக்கவில்லை. பாதியில் எனக்கே அலுத்துவிட்டது.

சூளகிரி தாண்டியதும் அந்தத் தலை ஆடியது. நிமிர்ந்தது. மறுபடி ஆடியது. பிறகு மெதுவாக இறங்கி என் தோளில் விழுந்தது.

என் தோள் வெறும் எலும்பு. போதாததற்கு நான் அவரைவிட உயரம். அவர் கழுத்து மேல்நோக்கி மடங்கிக் கிடந்தது. முறிந்துவிடும்போல இருந்தது. நான் சீட்டில் சறுக்கி, முழங்கால் முன்சீட்டில் இடிக்க, முதுகை வில்லாக வளைத்து, தோளை அவர் தலை இருந்த இடத்துக்குக் கொண்டுபோனேன். மூச்சு சீராக வந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

ஓசூர் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். கண்டக்டர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஓசூர் டிக்கெட்டுதான நீங்க? எறங்குங்க, எறங்குங்க."

"அத்திப்பள்ளிக்கு ரெண்டு குடுங்க."

"ஏன் இப்பிடி ரகசியம் பேசறீங்க?"

நான் கண்ணால் காட்டினேன். அவர் அந்த மொட்டைத் தலையைப் பார்த்தார். சீட்டுக்கும் தரைக்கும் நடுவே அந்தரத்தில் வளைந்து கிடந்த என்னைப் பார்த்தார். விசிலை ஊதாமல், கையால் பஸ்ஸின் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டி டிரைவருக்குச் சைகை கொடுத்துவிட்டு, டிக்கெட்டைக் கிழித்து என் சட்டைப் பையில் செருகினார்.

அத்திப்பள்ளி வந்தது. அங்கேயும் நான் எழுப்பவில்லை.